வெள்ளவத்தையில ஒருத்தருக்கும் தெரியாம

அன்பின் அக்கா,

எனக்கு 27 வயசு, சொந்த இடம் வவுனியா. வேலைக்காக அம்மாவோட கொழும்பு வெள்ளவத்தையில ஒரு அனெக்ஸில இருக்கிறன். அப்பா மாசி மாசம் தவறிட்டார். அதுக்குப் பிறகு நித்திரை இல்ல, 100 ஆம் நம்பர் பஸ்ஸில வரேக்க சும்மா அழுகை வருது. அம்மா நூல் கட்டிவிட்டா, மயூரபதி அம்மனிட்டயும் போனம். கவுன்சிலிங் எண்டா மட்டும் "கலியாணம் பேசுற நேரம் ஆரும் கண்டா?" எண்டு பயப்பிடுறா. எனக்கு சிங்களமும் அரைகுறை. எங்கட ஆக்களுக்குத் தெரியாம தமிழ்ல கதைக்க ஒரு இடம் இருக்கா? சில நாள் விடியவே வேண்டாம் போல இருக்கும். இதெல்லாம் ஆஸ்பத்திரியில சொன்னா பொலிஸ் கேஸ் ஆகுமா?

(பெயர் போடாதேங்கோ)

தங்கச்சி,

உங்கட கடிதத்தில பெரிய விஷயத்தைக் கடைசியில ஒரு வரியில போட்டிட்டுப் போட்டீங்கள், நான் அதில இருந்துதான் தொடங்கப்போறன். விடியவே வேண்டாம் எண்ட நினைப்பு வாற இரவில 1926 எண்ட போன் நம்பருக்கு எடுங்கோ. 24 மணித்தியாலமும் ஆள் இருக்கும், எடுத்த உடனே "தமிழ்ல கதைக்கலாமா?" எண்டு கேளுங்கோ. நினைப்பு முற்றி உங்கள நீங்களே ஏதும் செய்திடுவீங்கள் போல இருந்தா போனோட நிக்காம அம்மாவ எழுப்பிக்கொண்டு நேர ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கோ, அந்த நேரம் கலியாணப் பேச்சு ஒண்டும் பாக்கத் தேவையில்ல. பொலிஸ் பயம் பழைய காலத்துப் பயம். தற்கொலைக்கு முயற்சி செய்யிறது முந்தி இங்க சட்டப்படி குற்றமாத்தான் இருந்தது, 1998 ல அத எடுத்திட்டாங்கள். அப்பவும் சும்மா நினைக்கிறது குற்றமில்ல. ஆனா சட்டம் போய் இவ்வளவு காலமாகியும் எங்கட வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரேல்ல போல.

1926 அங்கொடையில இருக்கிற தேசிய மனநல நிறுவனத்தின்ர நம்பர். அங்கொடை எண்டதும் உங்களுக்குத் திக்கெண்டிருக்கும், தெரியும். சின்னனில சண்டை வந்தா நாங்க "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" எண்டு கத்துவம், யாழ்ப்பாணத்தில இருந்து வாற மச்சாள்மார் அதையே "மந்திகை" எண்டுவினம். ஆஸ்பத்திரி இருக்கிற ஊரின்ர பேரையே ஏச்சுச் சொல்லாக்கி வச்சிருக்கிற நாங்கள்தான் பிறகு ஏன் ஒருத்தரும் போகினமில்லை எண்டும் கேக்கிறம்.

மருந்து வேண்டாம், ஆராவது இருந்து கேட்டாப் போதும் எண்டா சுமித்ரயோ எண்டு ஒரு அமைப்பு இருக்கு, 1974 ல இருந்து நடக்குது, கொழும்பு 7 ஹோர்ட்டன் பிளேஸில. அங்க இருக்கிறவை டொக்டர்மார் இல்ல, தொண்டர்கள். பேர் சொல்லத் தேவையில்ல, புத்திமதியும் சொல்லமாட்டினம். எங்கட சொந்தக்காரரிட்டக் கிடைக்காத சாமான் அது. தமிழ் தெரிஞ்சவை எந்த நேரம் இருப்பினம் எண்டு போனில கேட்டிட்டுப் போங்கோ.

ஆனா நீங்க எழுதினதப் பாத்தா, கதைக்கிறதோட டொக்டர் ஒருத்தரையும் காட்டுறது நல்லம். தனியார் ஆஸ்பத்திரியில காசு கட்டிச் சனல் பண்ணிப் போனா கெதியா முடியும் எண்டு நினைப்பீங்கள். நான் அப்பிடித்தான் போனன், அம்மா செத்த வருஷம். மூண்டு மணித்தியாலம் காத்திருந்து நாலு நிமிஷம் பாத்தவர், என்ர முகத்த விடக் கொம்பியூட்டரைத்தான் கூடப் பாத்தவர், ஒரு துண்டு எழுதித் தந்தார், அவ்வளவுதான். அந்தக் குளிசையும் அஞ்சு நாள் போட்டிட்டு ஒரு சுகமும் இல்லையெண்டு நானே நிப்பாட்டிட்டன். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில ஒரு டொக்டர்தான் இருத்தி வச்சு விளங்கப்படுத்தினா, இந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே ரெண்டு மூண்டு கிழமை எடுக்குமாம், சுகம் வந்த பிறகும் மாசக்கணக்கில போடோணுமாம், திடீரெண்டு விடக்கூடாதாம். தைரொய்ட் குறைஞ்சாலும் இப்பிடிச் சோர்வு வரும் எண்டு முதல்ல இரத்தமும் சோதிச்சவ. எல்லாம் சும்மா, காசில்லாம.

உங்களுக்குக் கிட்ட களுபோவில ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு இருக்கு, வெள்ளவத்தையில இருந்து த்ரீவீலில போற தூரம். தெரிஞ்ச முகம் கண்டிடும் எண்டு பயமெண்டா கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கு (தேசிய வைத்தியசாலை) போங்கோ, அந்தச் சனத்துக்க ஆரை ஆர் பாக்கிறது? (கண்டாலும், அவையும் அதே வாங்கிலதான் இருப்பினம்.) சிங்களம் வராட்டி, எத்தனை நாளா நித்திரை இல்ல, சாப்பாடு எப்பிடி, அழுகை எப்ப வருது எண்டு எல்லாத்தையும் தமிழ்ல ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு போய், தமிழ் டொக்டர் ஆரும் இருக்கினமா எண்டு கிளினிக் மிஸ்ஸிட்ட (நர்ஸிட்ட) கேளுங்கோ. மொழிபெயர்க்கவெண்டு அம்மாவக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, அவவுக்கு முன்னால நீங்க பாதியத்தான் சொல்லுவீங்கள். வேலையிடத்தில நம்பக்கூடிய பிள்ளை ஒண்டு இருந்தாப் போதும். அந்த ஒராளுக்காவது சொல்லுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாம எண்டது சரிவராது, முதல் நாள் அந்த வாங்கில தனிய இருந்தா பாதியில எழும்பி வந்திடுவீங்கள். நான் ரெண்டு தரம் வந்தனான்.

நூலைக் கழட்டாதேங்கோ. டொக்டர் ஒண்டும் கேக்கமாட்டினம், அம்மாவும் புருஷனைப் பறிகுடுத்திட்டுத்தான் இருக்கிறா, அவ எப்பிடி நித்திரை கொள்ளுறா எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

துணைக்கு ஒருத்தரும் கிடைக்காட்டி எனக்கு மெயில் போடுங்கோ, நான் தெஹிவளையிலதான் இருக்கிறன், புதன்கிழமைகளில எனக்கு வேலையும் இல்ல.