போர்க்குழாயில் கரி இறக்கினால் உப்பு போகுமா?

கேள்வி: நொய்யல் ஆற்றோரத்தில் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். சாயத்தண்ணீர் இறங்கிக் கிணறு கெட்டுப் பல வருடமாகிறது. பரிசோதனையில் இ.சி. (தண்ணீரின் உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்தும் அளவு) 4.2, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) 2,700 வந்தது. வெளிநாட்டில் ஆக்டிவேட்டட் கார்பனை (நுண்துளை நிறைந்த கரி) பூமிக்குள் செலுத்தி நிலத்தடி நீரைச் சுத்தம் செய்கிறார்களாம். தேங்காய்த் தொட்டிக் கரியில் செய்த கார்பன் நம் பக்கமே கிடைக்கிறது. போர்க்குழாயில் இறக்கிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாங்க. காசுதான் போகும், உப்பு போகாது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஒரு கிராம் கார்பனைப் பிரித்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு வரும், அத்தனை நுண்துளை. அமெரிக்காவில் பெட்ரோல் தொட்டி ஒழுகிய இடங்களிலும், டிரை கிளீனிங் கரைப்பான் இறங்கிய இடங்களிலும் இதை மாவுபோல அரைத்து, தண்ணீரில் கலந்து மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். ஓடிவரும் பென்சீன் போன்றவை கரியில் ஒட்டி நின்றுவிடும். பெட்ரோல் சரக்கென்றால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்லத் தின்னவும் செய்யும்.

உங்கள் கிணற்றில் இருப்பது வேறு. சாயம் ஏற்றப் பயன்படுத்திய சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும். தண்ணீரில் கரைந்த இந்த உப்பைக் கரி பிடிக்காது. சந்தேகமென்றால் வீட்டிலேயே பாருங்கள்: ஒரு டம்ளர் குடிநீரில் ஒரு ஸ்பூன் சமையல் உப்பும் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரும் போட்டுக் கலக்குங்கள். மீன் தொட்டிக் கடைக் கார்பனைக் கழுவி இரண்டு கைப்பிடி போட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் நிறம் வெளுத்திருக்கும், உப்பு அப்படியே இருக்கும். நம்மூர் பாறையில் தண்ணீர் ஓடுவதே வெடிப்புகளில்தான். கரித்தூள் அதை அடைத்தால் வருகிற ஊற்றும் போச்சு, மோட்டாரும் போச்சு.

1992ல் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயக்கழிவுத் தேக்கமாக நின்றது உங்களுக்குத் தெரியாததல்ல. 2011ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகும், பூமிக்குள் இறங்கிய உப்பு மழைநீர் கலந்து நீர்த்துத்தான் குறைய வேண்டும். அதனால் செலவழிப்பதை மழைநீருக்குச் செலவழியுங்கள். பண்ணைக்குட்டை வெட்டி, வடிகட்டிக் கிணற்றுக்குள் விடுங்கள்.

அந்தப் பரிசோதனை ஏப்ரலில் எடுத்ததா, நவம்பரில் எடுத்ததா? இரண்டு முறையும் எடுங்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட விட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவிப் பிடியுங்கள். சோடியம் விகிதத்தையும் (எஸ்.ஏ.ஆர்.) கேட்டு வாங்குங்கள். அது அதிகமென்றால் மண்ணையும் பரிசோதித்து, பரிசோதனைக் கூடத்தில் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போடலாம். இ.சி. மூன்றைத் தாண்டிய தண்ணீரில் காய்கறி வேண்டாம். தென்னைக்குச் சொட்டுநீரும் மட்டை மூடாக்கும் போதும். ஒன்று மறக்காதீர்கள்: லேசான தூறல் விழும்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஈர மண்ணின் ஓரத்தில் ஒதுங்கிய உப்பு வேருக்குத் திரும்பும். நல்ல மழை பெய்து மண் ஊறியதும் நிறுத்திக்கொள்ளலாம்.