கம்யூனிட்டி காலேஜில் நான்காண்டுப் பட்டம்: என் பி.எஸ்ஸி. உதவுமா?

கேள்வி: நான் மதுரையில் 2011-ல் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்தவள். எட்டு ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில், நான் எச்-4 விசாவில். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். டென்டல் ஹைஜீன் (பல் சுத்தம் செய்து, ஈறு நலம் பார்க்கும் தொழில்) படிக்க வேண்டும் என்று ஆசை. கம்யூனிட்டி காலேஜிலேயே இப்போது அதில் பேச்சலர்ஸ் பட்டம் வாங்கலாம், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஒரு தோழி சொன்னார். ஆன்லைனில் விண்ணப்பித்தேன். மாணவர் எண்கூட வந்துவிட்டது. ஆனால் டென்டல் ஹைஜீன் வகுப்பு எதிலும் பதிவு செய்ய முடியவில்லை. என்ன தகுதி கேட்கிறார்கள்? என் பட்டம் வீணா? 'கம்யூனிட்டி காலேஜில் படிக்கவா இவ்வளவு தூரம் வந்தாய்?' என்று நாத்தனார் கேட்டது மனதைக் குத்திக்கொண்டே இருக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சான் ஹோசே

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு மாணவர் எண் கிடைத்ததும் உண்மை, வகுப்பில் பதிய முடியாததும் உண்மை. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. கலிஃபோர்னியாவில் பள்ளி முடித்தவர்கள், அல்லது 18 வயது நிறைந்து படிக்கக்கூடிய நிலையில் உள்ளவர்கள், எவரும் கம்யூனிட்டி காலேஜில் சேரலாம். உங்கள் தோழி சொன்னது அதைத்தான். நுழைவுத் தேர்வு இல்லை, விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஆனால் அதே கல்லூரி நடத்தும் பேச்சலர்ஸ் படிப்புக்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு, தனிக் கெடு தேதி. நீங்கள் கல்லூரிக்குள் வந்துவிட்டீர்கள். அந்தப் படிப்புக்குள் இன்னும் வரவில்லை. பலர் இந்த இடத்தில்தான் ஓராண்டை இழக்கிறார்கள், அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

இந்தப் பட்டங்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் தகுதி விதிகளும் புரிந்துவிடும். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்றால் இரண்டாண்டுப் படிப்பு, அசோசியேட் பட்டம் என்பதே நெடுநாள் வழக்கம். ஃபுளோரிடா 2001-லேயே அதைத் தளர்த்தியது. கலிஃபோர்னியாவில் 2014-ல் ஒரு சட்டம் வந்து, 15 கல்லூரிகளில் தலைக்கு ஒரு பட்டம் என்று சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள். 2021-ல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கி, ஆண்டுக்கு 30 புதிய பட்டங்கள் வரை அனுமதிக்கலாம் என்றது. ஒரு நிபந்தனை உண்டு: மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே கொடுக்கும் பட்டத்தை இவர்கள் கொடுக்கக் கூடாது. அதனால்தான் பட்டியல் நமக்குப் புதிதாகத் தெரிகிறது. பேக்கர்ஸ்ஃபீல்டில் தொழிற்சாலை ஆட்டோமேஷன், ஃபெதர் ரிவரில் குதிரைப் பண்ணை மேலாண்மை, சைப்ரஸில் இறுதிச் சடங்குத் துறை, உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் உள்ள ஃபுட்ஹில் கல்லூரியில் டென்டல் ஹைஜீன்.

ஒவ்வொரு பட்டமும் ஒரு தொழிலைச் சுற்றி உருவானது. அதனால் 'கம்யூனிட்டி காலேஜ் பேச்சலர்ஸுக்கு இதுதான் தகுதி' என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. சான் புருனோவில் உள்ள ஸ்கைலைன் கல்லூரியின் சுவாச சிகிச்சைப் பட்டத்தைப் பாருங்கள். அது ஏற்கெனவே அசோசியேட் முடித்து, அந்தத் தொழிலில் பதிவுபெற்றவர்களுக்கானது. புதிதாக வருபவருக்கு அங்கே இடமில்லை. ஃபுட்ஹில் டென்டல் ஹைஜீன் அப்படியில்லை. முன்பாடங்களை முடித்துவிட்டு, தேர்வானால், தொழிலுக்குப் புதியவரும் உள்ளே போகலாம். எந்தக் கல்லூரியை நினைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, 'இது புதியவர்களுக்கா, ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கா?' என்பதை.

சரி, முன்பாடங்கள். உடற்கூறியல், உடலியங்கியல், மைக்ரோபயாலஜி, வேதியியல் ஆகியவை ஆய்வக வகுப்போடு வேண்டும். இவற்றோடு ஆங்கிலக் கட்டுரை, பேச்சு, உளவியல், சமூகவியல், கணிதம் அல்லது புள்ளியியல் போன்ற பொதுப்பாடங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு எடுத்தாக வேண்டும். அது விண்ணப்பிக்க மட்டும் போதும், இடம் கிடைக்கப் போதாது. பல் மருத்துவப் பயிற்சிக் கூடத்தில் எத்தனை நாற்காலி இருக்கிறதோ, எத்தனை ஆசிரியர் இருக்கிறார்களோ, அத்தனை மாணவரைத்தான் எடுக்க முடியும். இதுபோன்ற மருத்துவப் படிப்புகளில் சில கல்லூரிகள் மதிப்பெண்ணுக்குப் புள்ளி போடுகின்றன, சில குலுக்கல் நடத்துகின்றன. அறிவியல் பாடங்களில் ஏ எடுப்பதைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பி.எஸ்ஸி. அது வீணில்லை. ஆனால் நீங்கள் நினைக்கும் வடிவில் பயன்படாது. நம் ஊர் மதிப்பெண் பட்டியலை இந்தக் கல்லூரிகள் நேராக எடுத்துக்கொள்வதில்லை. நேசெஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள ஒரு நிறுவனம், வெஸ் அல்லது இ.சி.இ. போல, அதை மதிப்பிட்டுத் தர வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு. 'இவர் இன்ன பட்டம் பெற்றவர்' என்று மட்டும் சொல்வது ஒன்று. பாடம் பாடமாக யூனிட்டும் (பாடத்தின் அளவைக் காட்டும் எண்) கிரேடும் போட்டுத் தருவது இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. விலை குறைவு என்று முதல் வகையை வாங்கிவிட்டு, மறுபடியும் பணம் கட்டியவர்களை நான் அறிவேன்.

அதை வைத்தும் எல்லாம் கழிந்துவிடாது. ஆங்கிலக் கட்டுரைக்கும் பேச்சுப் பாடத்துக்கும் வெளிநாட்டுப் படிப்பைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், அவற்றை இங்கேதான் எடுக்க வேண்டியிருக்கும். முன்பு போல ஆங்கிலத்துக்கோ கணிதத்துக்கோ தரம் பார்க்கும் தேர்வு வைப்பதில்லை என்பதால் நேராகவே அந்த வகுப்புகளில் உட்காரலாம். அறிவியல் பாடங்களுக்கு இன்னொரு சிக்கல், காலாவதி. பல மருத்துவப் படிப்புகள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்குள் படித்த அறிவியலைத்தான் ஏற்கின்றன. நீங்கள் முடித்தது 2011. மைக்ரோபயாலஜியில் பட்டம் வாங்கியவரை மறுபடி மைக்ரோபயாலஜி எடுக்கச் சொன்னால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் மற்றவர்கள் திணறும் வகுப்பில் நீங்கள் நிதானமாக ஏ எடுப்பீர்கள். இடத்துக்குப் போட்டி போடும்போது உங்கள் பழைய பட்டம் அந்த ஏ-யாகத்தான் உதவும்.

நாத்தனார் சொன்னதற்கு வருகிறேன். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் சிறு தொழில்களுக்கான சான்றிதழும் டிப்ளமோவும் நினைவுக்கு வரும். அந்தப் படம் மனதில் இருப்பதால் அப்படிக் கேட்டிருப்பார். இங்கே ஒரு செமஸ்டர் யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். பேச்சலர்ஸின் மேல்நிலைப் பாடங்களுக்கு, அதாவது பிற்பாதி ஆண்டுகளின் பாடங்களுக்கு, அதோடு 84 டாலர் சேர்ந்து 130. மொத்தம் 120 யூனிட்டில் பாதி மேல்நிலை என்று வைத்துக்கொண்டால், நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 10,560 டாலர். காலாண்டு முறையில் நடக்கும் ஃபுட்ஹில் போன்ற இடங்களில் யூனிட் கணக்கு வேறு, ஆனால் சுமை ஏறக்குறைய இதுதான். கருவிகள், சீருடை, புத்தகம் தனி, டென்டல் ஹைஜீனில் அந்தச் செலவு கணிசமானது. இவ்வளவு குறைந்த செலவில் ஒரு தொழிலுக்கான லைசென்ஸ் வரை கொண்டுபோய்விடும் படிப்பை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், தெரியாமல் கேட்டதுதான்.

அந்தக் கட்டணம் கலிஃபோர்னியாவாசிகளுக்கு. வெளியாள் என்று கணக்கிட்டால் யூனிட்டுக்குப் பல நூறு டாலர் ஏறிவிடும். எச்-4 விசாவில் இருப்பவர்கள் இங்கே வசிப்பிட உரிமை கோரலாம். ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்ததையும், இங்கேயே தங்கும் எண்ணத்தையும் வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றால் காட்ட வேண்டும். நீங்கள் எட்டு ஆண்டாக இருக்கிறீர்கள், தாள்களை எடுத்துக்கொண்டு அட்மிஷன் அலுவலகத்துக்குப் போய் இதை முதலிலேயே உறுதிப்படுத்திவிடுங்கள். படிப்பதற்காக மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதும் இல்லை, எச்-4-லேயே முழுநேரம் படிக்கலாம். மத்திய அரசின் பெல் உதவித்தொகை மட்டும் கிடைக்காது. அது குடிமக்களுக்கும் க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும், அதுவும் இதற்கு முன் பேச்சலர்ஸ் வாங்காதவர்களுக்குத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். படித்து முடித்தபின் வேலை பார்க்க அனுமதி வேண்டும். 2015 முதல், கணவரின் ஐ-140 (க்ரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு) அங்கீகாரம் பெற்றிருந்தாலோ, ஏ.சி.21 என்ற சட்டப்படி அவருடைய எச்-1பி ஆறாண்டைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ, மனைவி வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எட்டு ஆண்டாக எச்-1பியில் இருக்கிறார் என்றால் பெரும்பாலும் உங்களுக்கு அந்தத் தகுதி இருக்கும். ஆனாலும் நான்கு ஆண்டு உழைப்பைப் போடுமுன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். வயதுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ப செமஸ்டருக்கு ஓர் அறிவியல் பாடம், ஒரு பொதுப்பாடம் என்று எடுத்தால் முன்பாடங்களுக்கே இரண்டு ஆண்டு ஆகும். அப்புறம் படிப்பு இரண்டு ஆண்டு, அது முழுநேரம்.

இன்னொன்று: டென்டல் ஹைஜீனிஸ்ட் லைசென்ஸுக்கு பேச்சலர்ஸ் கட்டாயமில்லை. அங்கீகாரம் பெற்ற அசோசியேட் படிப்பு முடித்தவரும் அதே தேசியத் தேர்வை எழுதி, அதே லைசென்ஸ் வாங்குகிறார். ஃபுட்ஹிலில் இடம் கிடைக்காவிட்டால் அசோசியேட் நடத்தும் கல்லூரிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். முன்பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி சிறு வேறுபாடு இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஆய்வகம் இல்லாத வேதியியல் வகுப்பை எடுத்துவிட்டு, விண்ணப்பிக்கும் மாதத்தில்தான் அது செல்லாது என்று தெரிந்து அழுதார். ஒவ்வொரு பாடத்தையும் பதியுமுன் கவுன்சிலரிடம் காட்டி, கல்விப் பயணத் திட்டமாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்சிலருக்குக் கட்டணம் இல்லை, தயங்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் போங்கள். உடற்கூறியல் வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்புக்குப் போய் நின்றால் பலருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

மனம் மாறினால் இன்னொரு வழியும் உண்டு. சொலானோ கல்லூரியிலும், தெற்கே மிராகோஸ்டாவிலும், உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியில் பேச்சலர்ஸ் கொடுக்கிறார்கள். மருந்து ஆலை வேலைக்கான படிப்பு, மைக்ரோபயாலஜி படித்தவருக்கு நெருக்கமானது. தூரம் மட்டும் யோசிக்க வேண்டும்.

தேர்வான பிறகு தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, இதய முதலுதவிப் பயிற்சி, பின்னணிச் சோதனை எல்லாம் கேட்பார்கள். நமக்குச் சிறுவயதில் பி.சி.ஜி. போட்டிருப்பதால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் காசநோய்ப் பரிசோதனை சில சமயம் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். இரத்தப் பரிசோதனையாகக் கேட்டு வாங்குங்கள்.

இந்த வாரமே தொடங்க வேண்டியது மதுரை வேலை. மதிப்பீட்டு நிறுவனங்கள் உங்கள் கையில் இருக்கும் மார்க் ஷீட்டை ஏற்காது. பல்கலைக்கழகமே சீல் வைத்து அனுப்பும் ட்ரான்ஸ்கிரிப்ட் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஊரில் யாராவது நேரில் போய்ப் பணம் கட்டி, பின்தொடர்ந்தால்தான் நகரும். அதற்கு முன் உங்கள் டிகிரி சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் என்று இருந்தால், இருவரும் ஒருவர்தான் என்பதற்கான பிரமாணப் பத்திரத்தைத் திருமணச் சான்றோடு முதலில் தயார் செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் அனுப்பினால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.