பப்ளிக் இமேஜ் லிமிடெட்: இசைத்தொகுப்புகளும் விமர்சகர்களும் (கேள்வி பதில்)

கேள்வி: ஐயா, பாடகர் ஜான் லைடனின் பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழு 1978 டிசம்பரில் வெளியிட்ட முதல் தொகுப்பைப் பிரிட்டிஷ் விமர்சகர்களில் பலர் ஏன் அவ்வளவு கடுமையாகச் சாடினார்கள்?

பதில்: அவர்கள் கேட்கக் காத்திருந்தது வேறொரு குழுவை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு உடைந்ததும், ஜானி ராட்டன் என்ற பட்டப்பெயரை உதறிவிட்டு ஜான் லைடனாகத் திரும்பிய பாடகரிடம், வேகமான பங்க் பாடல்களையே பலரும் எதிர்பார்த்தார்கள். அக்டோபரில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் 9ஆம் இடத்தைப் பிடித்த 'பப்ளிக் இமேஜ்' என்ற ஒற்றைப்பாடலும் அந்த எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டது. ஆனால் தொகுப்போ ஒன்பது நிமிடம் நீளும் அலறலோடு தொடங்கி, தட்டின் மீதி நேரத்தை நிரப்பவே பாடுகிறோம் என்று கிண்டல் செய்யும் 'ஃபாடர்ஸ்டாம்ப்ஃப்' பாடலில் முடிகிறது. காசு கொடுத்து வாங்கியவரை ஏளனம் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அந்தப் பாடலில் ஜா வாபிளின் பேஸ் கிட்டாரை மட்டும் நான் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்கி வைப்பேன். அமெரிக்காவில் இத்தொகுப்பு 2013 வரை முறையாக வெளியிடப்படவே இல்லை.

கேள்வி: அடுத்த ஆண்டே 'மெட்டல் பாக்ஸ்' கொண்டாடப்பட்டதே, அது எப்படி?

பதில்: பன்னிரண்டே மாதங்களில் அளவுகோல் மாறிவிட்டது. 1979 நவம்பரில் அத்தொகுப்பு வந்தபோது, பேஸும் எதிரொலியும் மேலோங்கும் ஜமைக்காவின் டப் இசையையும் ஜெர்மனியின் கேன் குழுவையும் அறிந்த விமர்சகர்கள் இசை வார இதழ்களில் செல்வாக்குப் பெற்றிருந்தார்கள். அதனால் வாபிளின் கனத்த பேஸ் கிட்டாரும், அதன்மேல் கீத் லெவீன் உரசிச் சிதறவிடும் உலோகத்தன்மையான கிட்டார் ஒலியும் அவர்கள் காதுக்குப் பிழையாகப் படவில்லை. அத்துடன், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த தாயைப் பற்றி லைடன் பாடிய 'டெத் டிஸ்கோ'வே இத்தொகுப்பில் 'ஸ்வான் லேக்' என்ற பெயரில் இடம்பெறுகிறது. சைக்காவ்ஸ்கியின் மெட்டை லெவீன் அதில் கிட்டாரில் இழைக்கிறார். முதல் தொகுப்பைக் கேலிக்கூத்து என்று ஒதுக்கியவர்களும் இந்தத் துயரத்தைக் கேலி என்று தள்ளிவிட முடியவில்லை. அமெரிக்காவில் ராக் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் இதன் பெரும் ஆதரவாளரானார்.

கேள்வி: அந்தப் புகழில் பாதி தகரப் பெட்டிக்கே உரியது என்கிறார்களே?

பதில்: ஓரளவுக்கு உண்மைதான். 60,000 பிரதிகள் வட்டமான உலோகப் பெட்டியில் வந்தன. தட்டைக் கீறாமல் அதிலிருந்து எடுப்பதே பெரும்பாடு. ஆனால் ஒரு மணி நேர இசையை நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்தில் ஓடும் மூன்று பன்னிரண்டு அங்குலத் தட்டுகளில் பரப்பியதற்கு அலங்காரம் காரணமில்லை. வரித்தடங்கள் அகலமாக அமைந்தால்தான் தாழ்ந்த சுருதிகள் முழு வலிமையோடு ஒலிக்கும். 1980இல் 'செகண்ட் எடிஷன்' என்று சாதாரண இரட்டைத் தட்டாக மறுபதிப்பு வந்தபோது பெட்டி போயிற்று, பாராட்டு குறையவில்லை.

கேள்வி: 'ஃபிளவர்ஸ் ஆஃப் ரொமான்ஸ்' பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: 1981இல் வந்த இத்தொகுப்பை விமர்சகர்கள் முந்தையதோடு ஒப்பிட்டே தீர்ப்பு எழுதினார்கள். வாபிள் 1980இல் விலகிவிட்டதால் பேஸ் கிட்டார் ஏறக்குறைய இல்லை. லெவீனின் கிட்டாரும் அரிதாகவே கேட்கிறது. எஞ்சுவது டிரம்ஸும் லைடனின் ஓலமும்தான். இல்லாதவற்றைக் கணக்கிட்ட மதிப்புரைகள் இதை வறட்சி என்றன; அந்த டிரம்ஸ் ஒலியைக் கூர்ந்து கேட்டவர்கள் வியந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 'மெட்டல் பாக்ஸ்' 18ஆம் இடத்தில் நிற்க, விற்பனைக்கே ஆகாது எனப்பட்ட இது 11ஆம் இடம்வரை ஏறியது. என் கணிப்பில் குழுவின் மிகத் துணிச்சலான பதிவும் இதுவே.

கேள்வி: 1986ஆம் ஆண்டின் 'ஆல்பம்' தொகுப்பில் நம் எல். சங்கர் வாசித்திருக்கிறாரா?

பதில்: ஆம், இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவில் வாசித்த அதே வயலின் கலைஞர்தான். பில் லாஸ்வெல் தயாரித்த அதில் ஜிஞ்சர் பேக்கர், டோனி வில்லியம்ஸ், ஸ்டீவ் வாய், ரியூய்ச்சி சாகாமோட்டோ ஆகியோரும் உண்டு. வாபிளும் லெவீனும் இல்லாத இதைக் குழுவின் தொகுப்பாகக் கருதாமல், லைடனின் தனித்தொகுப்பாகவே பார்ப்பது பொருத்தம்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: 'மெட்டல் பாக்ஸ்' தொகுப்பின் 'பாப்டோன்ஸ்' பாடலில். தாழ்ந்த சுருதிகளைத் தெளிவாகத் தரும் ஒலிபெருக்கியில் கேளுங்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கி இதற்குப் போதாது.