பழைய லேப் டைம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பைக் ரேஸ் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் 600 சிசி வகுப்பில் நான்கு சீசன் அமெச்சூராக ஓட்டியவள். ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு இடது வளைவில் முன் டயர் வழுக்கி விழுந்தேன். காறை எலும்பு முறிந்து, தகடு வைத்தார்கள். அதனால்தான் விட்டுவிட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எலும்பு கூடியதும் திரும்பப் போவதாகத்தான் இருந்தேன். கல்யாணம், வேலை மாற்றம், குழந்தை என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது வயது 39. பைக்கை விற்கவில்லை. உறை போட்டபடி அப்படியே நிற்கிறது.

அடுத்த மாதம் ஒரு டிராக் டேக்கு (போட்டியில்லாமல் ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள்) பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டில் "இந்த வயதில் இது தேவையா?" என்கிறார்கள். கூட ஓட்டிய நண்பர்களோ "உனக்கென்ன, சைக்கிள் மாதிரிதான், ஏறி உட்கார்ந்தால் தானாக வந்துவிடும்" என்கிறார்கள். பழைய லேப் டைமுக்கு (ஒரு சுற்றுக்கு எடுக்கிற நேரம்) வர எத்தனை நாளாகும்? நான் விழுந்த வளைவை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அது போகுமா? சீசன் முடிவதற்குள் ஒரு ரேஸாவது ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை.

க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான், எனக்குக் கவலையே அதில்தான். கிளட்ச், கியர், வளைவுக்கு முன்னால் உடம்பை உள்பக்கம் நகர்த்துவது எல்லாம் சில சுற்றுகளிலேயே வந்துவிடும். மறந்துபோனவர் பயந்து மெதுவாகப் போவார், அவருக்கு ஒன்றும் ஆகாது. கைக்கு ஞாபகம் இருக்கிறவர்தான் பழைய இடத்திலேயே பிரேக் பிடிப்பார்.

நேர்பாதை முடிவில், வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்று காட்ட 200, 150, 100 என்று பலகைகள் நிற்குமே, அவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். 180 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 50 மீட்டர். ஒரு பலகையிலிருந்து அடுத்த பலகைக்கு ஒரே நொடி. அன்றைக்கு நீங்கள் 150ஐத் தாண்டிப் பிடித்திருந்தால், அது அன்றைய டயருக்கும், அன்றைய பிரேக்குக்கும், விடாமல் ஓட்டிக்கொண்டிருந்த அன்றைய உடம்புக்கும் சரியான இடம். இன்றைக்கு இந்த மூன்றும் வேறு. கைக்கு அது தெரியாது.

முதல் செஷனில் (ஒரு தடவை டிராக்கில் இறங்கி ஓட்டுகிற நேரம்) இந்த ஆபத்து இல்லை. பழக்கம் விட்டுப்போன கண் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பார்க்கும். அதனால் எல்லாம் இரண்டு மடங்கு வேகமாக வருவதுபோல் இருக்கும், பயத்தில் சீக்கிரமே பிரேக் பிடித்துவிடுவீர்கள். நல்லதுதான். மூன்றாவது, நான்காவது செஷனில் கண் பழகிவிடும், பார்வை தூரத்துக்குப் போகும், "அட, வந்துவிட்டதே" என்று தோன்றும். பழைய பலகை அப்போதுதான் கண்ணில் படும். அதே நேரத்தில் தொடையும் முன்கையும் ஓய்ந்திருக்கும். நாள் முழுக்க ஒழுங்காக ஓட்டியவர்கள் கடைசி செஷனில் விழுவது டிராக்கில் சகஜம். நீங்கள் கடைசி செஷனுக்கு இறங்கவே வேண்டாம். பணம் கட்டியாயிற்றே என்று இறங்குகிறவர்கள்தான் அதிகம்.

பிரேக்கை 200க்கு முன்பாகவே பிடிக்க ஆரம்பியுங்கள். நேர்பாதை முடிவில் மிச்ச நேரம் இருக்கிறது, சும்மா உருண்டு வளைவுக்குப் போகிறோம் என்று அலுப்புத் தட்டினால் மட்டும் பத்து மீட்டர் தள்ளுங்கள். லேப் டைமரைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். போனில் இருக்கிற ஆப்பும் வேண்டாம்.

அப்புறம் பைக். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் தேயாமல் புதுசு மாதிரி இருக்கிறதே என்று யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ரப்பர் இறுகிப்போயிருக்கும். டயர் வார்மர் (ஓட்டும் முன் டயரைச் சூடாக்குகிற உறை) போட்டால் சூடாகும், போன பிடிப்பு வராது. பிரேக் ஆயில் நின்ற இடத்திலேயே காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புது டாட் 4 வகை பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 155 டிகிரியோடு நின்றுவிடுகிறது. தெருவில் ஓட்டினால் வித்தியாசமே தெரியாது. டிராக்கில் நாலைந்து சுற்று அழுத்திப் பிடித்த பிறகு உள்ளே ஆவிக்குமிழி கட்டும், லீவர் கைப்பிடிவரை சும்மா வந்து ஒட்டும். அதோடு இன்னொன்று. ரேஸ் பைக் என்பதால் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் ஊற்றியிருப்பீர்கள் (கூலன்ட் கொட்டினால் பின்னால் வருகிறவர் வழுக்குவார் என்று பல டிராக்குகளில் அதை அனுமதிப்பதில்லை). அந்தத் தண்ணீர் ஏழு வருடம் உள்ளேயே கிடந்திருந்தால் வாட்டர் பம்ப்பைத் திறந்து பார்க்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஹெல்மெட் புதிதாக வாங்குங்கள். அதில் பேச்சே இல்லை. லெதர் சூட்டை வீட்டிலேயே போட்டு, ஸ்டாண்டில் நிற்கிற பைக்கின் மேல் ஒரு செஷன் நேரம் ஓட்டுகிற நிலையில் உட்கார்ந்து பாருங்கள். தோளும் முன்கையும் இறுக்கினால் தையலைப் பிரித்துத் தளர்த்தக் கொடுங்கள். இறுகின சட்டைக்குள் முன்கைத் தசை வீங்கினால் விரல் மரத்துப்போகும். ரேஸர்கள் ஆர்ம் பம்ப் என்பது அதைத்தான். வெகுநாள் கழித்து ஓட்டவந்த ஒருவர் செஷன் முடிந்து பிட்டில் (டிராக் ஓரம் பைக்குகளை நிறுத்துகிற இடம்) நின்றபடி, தன் கையுறையைத் தானே கழற்ற முடியாமல் பல்லால் இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையால்தான் கடைசி இரண்டு சுற்றுக்கு பிரேக் பிடித்திருக்கிறார்!

காறை எலும்பில் வைத்த தகடு இன்னும் உள்ளே இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. இருந்தால் எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் பைக்கில் ஏறாதீர்கள். மறுபடி அதே தோளில் விழுந்தால் தகடு வளையலாம், தகடு முடிகிற இடத்தில் எலும்பு முறியலாம். எடுத்துவிடலாமா, எடுத்தால் எத்தனை நாள் ஓட்டக் கூடாது என்று கேளுங்கள். 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் டிராக்கில் மோட்டோஜிபி உலக சாம்பியன் மார்க் மார்க்கெஸுக்கு வலது மேல்கை எலும்பு முறிந்தது. தகடு வைத்த அதே வாரத்தில் பைக்கில் ஏறிப் பார்த்தார். சில நாட்களில் தகடு கெட்டுப்போய் மறுபடி அறுவை சிகிச்சை, அந்த சீசன் முழுக்கப் போயிற்று. உலகத்திலேயே நல்ல மருத்துவர்கள் கூட இருந்தவருக்கே இந்தக் கதி.

வயதைப் பற்றி வீட்டில் கேட்டால் பழைய பிரிட்டிஷ் பைக் ரேஸர் மைக் ஹெய்ல்வுட்டைச் சொல்வீர்கள், தெரியும். 1967க்குப் பிறகு மேன் தீவு டிடி (அந்தத் தீவின் சாலைகளில் நடக்கிற பைக் ரேஸ்) பக்கமே போட்டிக்கு வராதவர், 1978இல் 38 வயதில் டுகாட்டியில் வந்து அங்கே ஃபார்முலா ஒன் டிடி என்கிற பைக் பந்தயத்தை ஜெயித்தார். ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு பகுதி உண்டு. அதற்கு முன்பே அவர் ஆஸ்திரேலியாவில் போட்டிகளில் ஓட்டிக் கையைப் பழக்கிக்கொண்டுதான் வந்தார். டிராய் பேலிஸ் கதையையும் யாரும் சொல்வதில்லை. மூன்று முறை உலக சூப்பர்பைக் பட்டம் வாங்கி 2008இல் ஓய்வுபெற்றவர், 2015இல் காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்ட் டிராக்கில் 45 வயதில் இறங்கினார். அவருக்குத் தண்ணிபட்ட பாடான டிராக். இரண்டு ரேஸிலும் முதல் பத்துக்குள் வரவில்லை. அது அவமானம் இல்லை, அது கணக்கு.

எனக்குப் பிடித்த உதாரணம் ஆஸ்திரேலிய ரேஸர் மிக் டூஹன். 1992இல் நெதர்லாந்தின் ஆசென் டிராக்கில் அவருடைய வலது கால் முறிந்தது, காலை எடுக்க வேண்டியிருக்கும் என்கிற அளவுக்குப் போனது. கால் தப்பியது, கணுக்கால் பழையபடி மடங்கவில்லை. வலது காலால் பின் பிரேக்கை அழுத்த முடியாது. இடது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி ஒரு பின் பிரேக் லீவரைப் பொருத்தினார்கள். 1994 முதல் 1998 வரை வரிசையாக ஐந்து உலகப் பட்டங்கள். பழைய கால் திரும்பி வரட்டும் என்று காத்திருக்காமல், இருக்கிற காலுக்குத் தக்கபடி பைக்கை மாற்றினார். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். ஹேண்டில் உயரம், ஃபுட்பெக் (கால் வைக்கிற கம்பி) இடம், லீவர் தூரம், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் 39 வயதில் இன்றைக்கு இருக்கிற எடைக்கும் மூட்டுக்கும் புதிதாக வைத்துப் பாருங்கள். பழைய செட்டிங் எழுதிய நோட்டு இருந்தால் அதைத் திறக்காதீர்கள்.

அந்த இடது வளைவு. அதற்கு முன்னால் எத்தனை வலது வளைவுகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். வலது வளைவுகள் அதிகம் உள்ள டிராக்கில் டயரின் இடது பக்கம் தரையைத் தொடுவதே குறைவு, அது ஆறிக்கிடக்கும். வரிசையாக வலதுகள் முடிந்து வருகிற முதல் இடதில் முன் டயர் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கூடவே சாய்ந்த பிறகும் பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால் முடிந்தது. உங்களுக்கு நடந்தது இதுதானா என்று எனக்குச் சொல்ல முடியாது. உங்களுக்கு முடியும். ஏற்பாட்டாளர்கள் அனுமதித்தால் மதிய இடைவேளையில் அங்கே நடந்து போய்ப் பாருங்கள். தாரில் ஒட்டுப்போட்ட இடம், மேடு, சாய்மானம் எல்லாம் நடக்கும்போது காலுக்குத் தெரியும். ஓட்டும்போது, விழுந்து உருண்ட ஜல்லியை மட்டும் பார்க்காதீர்கள். கண் போகிற பக்கம்தான் பைக் போகும். வளைவு முடிகிற இடத்தில் ஒரு அடையாளம் பிடித்து வைத்துக்கொண்டு அதையே பாருங்கள். வயிற்றைப் பிசைவது குறையும். முழுக்கப் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன், கொஞ்சம் இருப்பதில் எனக்கு ஆட்சேபமும் இல்லை.

இந்த சீசனில் ரேஸ் வேண்டாம். டிராக் டேயில் முந்துவதற்கு விதி இருக்கிறது, இடம் விடுவார்கள். ரேஸில் முதல் வளைவுக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் போவார்கள், அங்கே யாரும் உங்கள் ஏழு வருடத்தைக் கணக்கில் எடுக்கப்போவதில்லை.

லேப் டைம் கேள்விக்கு நாள் கணக்குச் சொல்ல மறுக்கிறேன். சில டிராக் டேக்கள் போகட்டும், பிறகு டைமரை மாட்டுங்கள். எவ்வளவு வேகம் என்று பார்க்காமல், அடுத்தடுத்த ஐந்து சுற்றுகளும் ஒன்றுக்கொன்று ஒரு நொடிக்குள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். அப்படி வந்ததும் எழுதுங்கள், அடுத்த சீசன் ரேஸ் பற்றிப் பேசலாம். தகட்டைப் பற்றி மருத்துவர் சொன்னதை அதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.