மார்ச் 31-க்கும் ஏப்ரல் 1-க்கும் நடுவே

கேள்வி: தமிழ்நாட்டில் பி.இ. மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். ஏழாவது செமஸ்டருக்காக எக்ஸ்சேஞ்சில் ஜெர்மனி வந்தேன். மார்ச் 31-ல் செமஸ்டர் முடிகிறது, ரெசிடென்ஸ் பெர்மிட்டும் அன்றோடு முடிகிறது. வேறு ஊரில் ஒரு கம்பெனியில் 2026 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அதையே எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்டாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது என் கல்லூரி. ஊருக்குத் திரும்பாமல் இங்கிருந்தே சேர முடியுமா? முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பதில்: முதலில் செய்ய வேண்டியது ஜெர்மனியில் இல்லை, உங்கள் கல்லூரியில் இருக்கிறது. துறைத்தலைவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வேண்டும். இந்த இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்தின்படி கட்டாயம் என்றும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்றும் அதில் இருக்க வேண்டும். விசா, சம்பளம், இன்சூரன்ஸ் என்று இனி வரப்போகிற எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த ஒரு தாளைப் பொறுத்தே மாறும்.

காரணம் இதுதான். ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப் இரண்டு வகை. பாடத்திட்டம் கட்டாயப்படுத்துவது ஃப்ளிஹ்ட்பிராக்டிகும். நீங்களாக விரும்பிச் செய்வது இன்னொரு வகை. விருப்ப இன்டர்ன்ஷிப் மூன்று மாதத்தைத் தாண்டினால், முதல் நாளிலிருந்தே குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும். 2026-ல் அது மணிக்கு 13.90 யூரோ. வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 2,400 யூரோ. கட்டாய இன்டர்ன்ஷிப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆறு மாத இடத்துக்கு எச்.ஆர். முதல் மெயிலிலேயே “இது ஃப்ளிஹ்ட் தானே?” என்று கேட்பது அதனால்தான். உங்களிடமும் கேட்டிருப்பார்கள், இல்லையென்றால் சீக்கிரம் கேட்பார்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட் வைவா பெரும்பாலும் மே மாதத்தை ஒட்டி வந்துவிடும். கல்லூரிக் கடிதம் “மே வரை” என்று முடிந்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதமும் கட்டாயம் என்ற கணக்கில் சேராது. கம்பெனி ஒப்பந்தத்தைச் சுருக்கலாம், அல்லது சம்பளத்தைத் திருத்த வேண்டி வரலாம். ஆகவே கல்லூரியிடம் இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: வைவாவைச் செப்டம்பருக்குப் பின் தள்ளிவைத்து ஆறு மாதத்துக்கும் கடிதம் தருவார்களா, அல்லது மே வரை மட்டும்தானா? மே வரைதான் என்றால் அதை இப்போதே கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். கட்டாயம் இல்லாததைக் கட்டாயம் என்று எழுதித் தர சில கல்லூரிகள் தயங்குவதில்லை. அந்த வழிக்குப் போகாதீர்கள். பாடத்திட்ட நகலையும் சேர்த்துக் கேட்கும் அதிகாரி ஒருவர் எதிரே உட்கார்ந்தால் நிலைமை சங்கடமாகிவிடும்.

சரி, விசாவுக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பது படிப்புக்கான பெர்மிட். எக்ஸ்சேஞ்ச் முடிந்ததும் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் உங்கள் பதிவு நீங்கிவிடும். இங்கே அதற்கு எக்ஸ்மாட்ரிகுலாட்சியோன் என்று பெயர். அதன் பிறகு நீங்கள் தமிழ்நாட்டுக் கல்லூரியின் மாணவர் மட்டுமே. அந்த நிலையில் இருப்பவருக்கு ஜெர்மன் சட்டத்தில் பொருந்தக்கூடிய வாசல்கள் இரண்டு.

ஒன்று, குடியிருப்புச் சட்டத்தின் 16இ பிரிவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே படிக்கிறவர்களுக்கும், பட்டம் வாங்கி இரண்டு ஆண்டு ஆகாதவர்களுக்கும் உரியது. அதிகபட்சம் ஆறு மாதம், உங்கள் ஒப்பந்தமும் சரியாக ஆறு மாதம்தான். வேலை உங்கள் படிப்போடு ஒத்துப்போக வேண்டும். என்ன கற்றுக்கொடுப்பார்கள், யார் மேற்பார்வை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டே பத்தியில் முடிகிற ஆஃபர் லெட்டர் இதற்குப் போதாது. பயிற்சித் திட்டம் ஒன்றை இணைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். இடையில் பட்டம் கைக்கு வந்துவிட்டாலும் இந்தப் பிரிவு ஒத்துவரும் என்பது உங்களுக்கு அனுகூலம்.

இரண்டாவது, நான்கு செமஸ்டர் முடித்த வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் தங்கள் துறையில் பயிற்சி பெறுவதற்கான வழி. இதில் ஓராண்டு வரை இடமுண்டு. ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் வேண்டும், அதற்குக் கம்பெனிதான் விண்ணப்பிக்க வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு இது பழக்கமான வேலை. முப்பது பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி என்றால் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு வழியை நண்பர்கள் சொல்வார்கள்: “இன்னொரு செமஸ்டர் இங்கேயே பதிவை நீட்டித்துவிடு, அப்புறம் ஸ்டூடண்ட் பெர்மிட்டிலேயே வேலை பார்.” கணக்குப்படி பார்த்தால் முடியும். மாணவர் பெர்மிட்டில் ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் இது 120 நாளாக இருந்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, விடுமுறை போக, சுமார் 125 வேலை நாள். ஆனால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் கடையிலோ கிடங்கிலோ பகுதிநேரம் பார்த்த நாளும் இதே 140-க்குள் வரும். இருபது நாள் பார்த்திருந்தாலே கணக்கு மீறிவிடும். விருப்ப இன்டர்ன்ஷிப்பில் சம்பளமே இல்லாவிட்டாலும் நாள் எண்ணப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பேராசிரியருக்கு உதவியாளராக இருந்த நாள்கள் மட்டும் சேராது. எனக்கு இந்த வழியில் பெரிய விருப்பமில்லை. ஒரு பாடம்கூட எடுக்காமல் பதிவை மட்டும் வைத்திருந்தால், படிப்புக்காகத் தந்த பெர்மிட்டை நீட்டிக்கும்போது அதிகாரி கேள்வி கேட்பார். எக்ஸ்சேஞ்சில் உங்களைச் சேர்த்துக்கொண்ட ஜெர்மன் பல்கலைக்கழகமே இன்டர்ன்ஷிப்பைத் தன் பாடத்திட்டத்தில் ஏற்றுக்கொண்டால் மட்டும் யோசிக்கலாம்.

ஊருக்குப் போகாமல் முடியுமா என்பதுதான் உங்கள் நேரடிக் கேள்வி. அதை முடிவு செய்வது நீங்கள் இப்போது வசிக்கும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம், அதாவது ஆஸ்லெண்டர்பெஹ்யோர்டே. ஒப்பந்தம், பயிற்சித் திட்டம், கல்லூரிக் கடிதம் மூன்றையும் இணைத்து இன்றே மெயில் அனுப்புங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னது நாளைக்கு உதவாது. பெர்மிட் முடிவதற்கு முன் முறையாக விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய பெர்மிட் தொடர்வதாகச் சட்டம் கருதும். அதற்குச் சான்றாக ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளைத் தருவார்கள். ஏப்ரல் 1 அன்று விண்ணப்பித்தால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஒரே ஒரு நாள்தான், ஆனால் அந்த ஒரு நாளில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று. அந்தத் தாள் கையில் இருந்தால் தங்கலாம், வேலையும் பார்க்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். தொடர்வது பழைய பெர்மிட்டின் நிபந்தனைகள்தான். வேலை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து, நகலைக் கம்பெனிக்கு அனுப்பி அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே வேலையில் சேருங்கள். “நாட்டை விட்டுப் போய் புது விசா வாங்கி வாருங்கள்” என்று பதில் வந்தாலும் வியக்க வேண்டாம். அப்படியானால் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத்தூதரகம் வழியாக வர வேண்டும். ஆகவே கம்பெனியிடம் இப்போதே கேட்டு வையுங்கள்: தொடக்கத் தேதியை மே 1-க்கோ ஜூன் 1-க்கோ தள்ள முடியுமா? இதை மார்ச் 28-ல் கேட்டால் பதறுவார்கள். இரண்டு மாதம் முன்பு கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

வீடு மாறுவதற்கு முன் விண்ணப்பித்துவிடுவதும் நல்லது. புது ஊருக்குப் போய்ப் பதிவு செய்த பிறகு உங்கள் கோப்பு அந்த ஊர் அலுவலகத்துக்கு மாற வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். புது ஊரில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங், செய்ய வேண்டும். வீட்டுக்காரர் தரும் உறுதிக் கடிதம் இல்லாமல் அது நடக்காது. சப்லெட், அதாவது இன்னொரு வாடகைதாரரிடமிருந்து உள்வாடகைக்கு, எடுக்கும்போது “அன்மெல்டுங் தருவீர்களா?” என்பதை வாடகைக்கு முன்பே கேளுங்கள். ஜெர்மனிக்குள்ளேயே மாறுகிறவர் பழைய ஊரில் தனியாகப் பதிவை நீக்க வேண்டியதில்லை.

விடுதியைக் காலி செய்ததும் பழைய ஊர் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முன்பணம் திரும்ப வர சில மாதம் ஆகலாம். ஆகவே வங்கிக் கணக்கை மூடாதீர்கள். தபாலும் அப்படியே. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைப் போட மாட்டார். தபால் நிலையத்தில் ஆறு மாதத்துக்கு முகவரி மாற்றச் சேவை வாங்கிக்கொள்ளுங்கள். வரி எண்ணோ இன்சூரன்ஸ் கடிதமோ தொலைந்து போனால் முதல் மாதச் சம்பளத்திலேயே அது தெரியும்.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக: மாணவர் காப்பீடு உங்கள் பல்கலைக்கழகப் பதிவைத் தொற்றிக்கொண்டிருப்பது. பதிவு நீங்கியதும் உங்கள் நிலை மாறும். ஏப்ரல் 1 முதல் யார் கட்டுவது, எவ்வளவு என்று ஒப்பந்த நகலோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு வாரம்கூட இடைவெளி விடாதீர்கள், வெளிநாட்டவர் அலுவலகமும் இதைத்தான் பார்க்கும்.

அப்புறம் மதிப்பெண். தேர்வு பிப்ரவரியில் முடிந்தாலும் டிரான்ஸ்கிரிப்ட் வர வாரங்கள் ஆகும். பதிவு நீங்குவதற்கு முன் எல்லாப் பாடமும் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஜெர்மன் மதிப்பெண் தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. 1.3 வாங்கி வந்த மாணவியிடம் “ஏன் இவ்வளவு குறைவு?” என்று கேட்ட அலுவலகத்தை எனக்குத் தெரியும். மதிப்பெண் முறை விளக்கத் தாளையும் டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்தே அனுப்புங்கள்.

கடைசியாக, இன்டர்ன்ஷிப் முடியும்போது ட்சோய்க்னிஸ் என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். படிக்க எல்லாமே பாராட்டாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே ஒரு ரகசிய மொழி இருக்கிறது. “எங்களுக்கு முழுத் திருப்தி அளித்தார்” என்றால் சுமாரான மதிப்பெண். அதன் முன்னால் “எப்போதும்” சேர்ந்தால் நன்று. “எப்போதும் மிக முழுமையான திருப்தி” என்று, இலக்கணத்துக்கே ஒவ்வாதபடி எழுதியிருந்தால்தான் மிக நன்று. “எப்போதும்” விடுபட்டிருந்தால் மரியாதையாக மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அதற்கு நேரம் வேண்டும் என்பதால், செப்டம்பர் நடுவிலேயே வரைவை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.