ஜெர்மனிப் படிவத்தில் மதம்: எழுதவா, விடவா?

கேள்வி: சொந்த ஊர் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. சபை. அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகரில் எம்.எஸ். சேரப்போகிறேன். அங்கே முகவரியைப் பதிவு செய்யும்போது மதத்தையும் கேட்பார்களாம், கிறிஸ்தவர் என்று எழுதினால் சம்பளத்தில் வரி பிடிப்பார்களாம். சீனியர்கள் 'வெறுமையா விட்டுடு' என்கிறார்கள். அம்மாவோ 'ஆண்டவரை மறுதலிக்கிறதா?' என்று அழுகிறார். என்ன செய்வது?

பதில்: அம்மாவுக்கு முதலில் ஆறுதல் சொல்லுங்கள். வரி வசூலிக்கும் உரிமை பெற்ற ஜெர்மன் சபை ஒன்றில் நீங்கள் அங்கத்தினரா என்பதைத்தான் அந்தக் கட்டம் கேட்கிறது. யாரும் தன் மத நம்பிக்கையை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவரில்லை என்று 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியல் சட்டத்திலேயே (அன்றைய ஜெர்மனியின் அரசியல் சட்டம்) எழுதிவிட்டார்கள். 'அடிப்படைச் சட்டம்' எனப்படும் இன்றைய அரசியல் சட்டத்தின் 140-ஆவது பிரிவு வழியாக அது இப்போதும் செல்லும்.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது 'எவாங்கேலிஷ்' (புராட்டஸ்டன்ட்) என்று எழுதினால், அதுவே அங்குள்ள புராட்டஸ்டன்ட் சபையில் சேர விரும்புவதாக நீங்கள் கொடுத்த வாக்குமூலமாகிவிடும். உங்கள் பெயர் இருப்பதோ பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில். அதனால் கட்டத்தை வெறுமையாக விடுவது பொய்யாகாது. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

கத்தோலிக்கர் நிலைமை வேறு. எந்த நாட்டில் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் அங்கே அவர் திருச்சபையின் அங்கத்தினர்தான். கட்டத்தை வெறுமையாக விட்டுப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. விலக வேண்டுமென்றால் ஆகன் இருக்கும் மாநிலத்தில் நீதிமன்றத்துக்குப் போய் 30 யூரோ கட்டி எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படி விலகியவர்கள் நற்கருணை பெற முடியாது என்று ஜெர்மன் ஆயர்கள் 2012-இல் அறிவித்துவிட்டார்கள். உங்களுடன் படிக்கும் கத்தோலிக்கத் தோழி யாராவது சீனியர் பேச்சைக் கேட்டு அவசரப்பட்டால் இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, வரி எவ்வளவு? இத்தனை பயத்துக்கு அதில் ஒன்றுமில்லை. பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம், மற்ற இடங்களில் 9. இது சம்பளத்தில் 9 சதவீதம் அல்ல, வருமான வரியில் 9 சதவீதம். ஆண்டுக்கு 500 யூரோ வருமான வரி வந்தால் சபை வரி 45 யூரோ. வருமான வரியே இல்லையென்றால் இதுவும் இல்லை. 2025-இல் 12,096 யூரோ வரை வருமானத்துக்கு வரி கிடையாது. ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ மட்டும் வேலை பார்க்க அனுமதி உள்ள மாணவி அதைத் தாண்டுவது அபூர்வம். படிப்பு முடிந்து முழுநேர வேலை கிடைக்கும்போதுதான் இது உண்மையான கேள்வி. அதற்குள் அங்குள்ள சபை பிடித்துப்போனால், அப்போது சேர்ந்துகொள்ளலாம்.

என்னைக் கேட்டால், வரியைவிட முதல் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும். அன்று கடைகள் பூட்டிக் கிடக்கும். ஆராதனைக்குப் போனால் பெரிய கோயிலில் முப்பது நாற்பது பேர், பாதிக்கு மேல் தாத்தா பாட்டிகள். நம் ஊரில் வெளியே பந்தல் போட்டு நாற்காலி போடும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த நான் முதல் முறை நேரம் மாறி வந்துவிட்டேனோ என்று மணியைப் பார்த்தேன்.

உங்கள் வயதுக்காரர்கள் மாணவர் சபை மையங்களில்தான் இருப்பார்கள். புராட்டஸ்டன்ட் மையத்தை இ.எஸ்.ஜி. என்றும் கத்தோலிக்க மையத்தை கே.எச்.ஜி. என்றும் சொல்வார்கள். ஆகனில் இரண்டும் உண்டு. படிவத்தில் என்ன எழுதினீர்கள் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். சேர்ந்து சமைப்பார்கள். வெளிநாட்டு மாணவருக்குத் திடீர்ப் பணமுடை வந்தால் உதவ பல மையங்களில் அவசர நிதியும் வைத்திருக்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

சி.எஸ்.ஐ. உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்தது என்பதால், பான், கொலோன் நகரங்களுக்கான ஆங்கிலிக்கன் சபையில் ஆங்கில ஆராதனையில் கலந்து திருவிருந்தும் எடுக்கலாம். ஆகனிலிருந்து கொலோன் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். தமிழில் ஜெபிக்க மனசு ஏங்கினால் ஆகஸ்டில் கெவலார் போய் வாருங்கள். ஈழத்தமிழர்கள் ஆண்டுதோறும் கூடும் மாதா திருத்தலம் அது, இந்துக்களும் வருவார்கள்.

அப்புறம், டிசம்பர் 24 மதியத்தோடு கடைகள் மூடினால் 27-ஆம் தேதிதான் திறக்கும், அது ஞாயிறானால் 28. விடுதியும் காலியாகிவிடும். அரிசி, பருப்பு, முட்டையை 23-ஆம் தேதியே வாங்கி வையுங்கள். 31 அன்று நம் ஊர்போல நள்ளிரவு ஆராதனையை எதிர்பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் மாலை ஐந்து, ஆறு மணிக்கே முடித்துவிடுவார்கள், பன்னிரண்டு மணிக்கு ஊரே தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருக்கும்.