ஒரு வெள்ளிதானே?

கேள்வி: அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். மருந்துக்குத் தனிக்காசும் இல்லை. அப்படியும் எங்கள் தோட்டத்து ஆட்களுக்குத்தான் இனிப்பு நீர் (நீரிழிவு) நோயால் காலை எடுக்க வேண்டி வருகிறது. "நம்மவர்களுக்குப் பொறுப்பு இல்லை" என்கிறார் பட்டணத்தில் இருக்கும் என் அண்ணன். உண்மையா, ஐயா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இல்லை அம்மா. முப்பது வருஷம் தோட்டத்து டிரஸ்ஸராக, அதாவது தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கட்டுபவனாக, இருந்தவன் சொல்கிறேன்.

பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுக்கும் ஓர் அக்கா ஒரு சாயந்திரம் வந்தார். பூட்ஸைக் கழற்றினால், காலுறை புண்ணோடு ஒட்டிக் கிடந்தது. உப்புத்தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் பிரித்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. "வலிக்கவே இல்லையே டிரஸ்ஸரையா" என்றார். வலி தெரியாததுதான் அந்த நோயின் கொடுமை. பிறகு ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள்.

கிளினிக் தேதியை இரண்டு முறை விட்டிருந்தார். பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, மருந்து வாங்கித் திரும்ப மதியமாகிவிடும். மரம் விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ஆக, அன்றைய கூலி போச்சு. பரிசோதனைக்குப் போனவர்களுக்குப் பெரும்பாலும் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைக்காது, வந்துபோன நேரத்தைக் காட்டும் சீட்டுதான். அதே சீட்டை எங்கள் ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) காட்டினால் சம்பளத்தில் ஒரு சென் குறையாது. அக்காவுக்கு அந்த ஒரு வெள்ளி வைத்தியத்தின் விலை ஒரு நாள் கூலி. இதில் பொறுப்பு எங்கே வந்தது?

சாப்பாடும் அப்படித்தான். ஐந்து மணிக்கு டின்பால் தேநீர், பிறகு வெட்டு முடியும்வரை ஒன்றுமில்லை. சம்பளம் வரும்வரை கடையில் கணக்குக்கு வாங்குவது அரிசியும் சீனியும்தான், காய்கறி அல்ல.

இங்கிலாந்தில் 1948 முதல் எல்லாருக்கும் அரசாங்க வைத்தியம். அங்கே லண்டன் அரசு ஊழியர்களை வைத்து 1967-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். யாரும் பட்டினி இல்லை, எல்லாருக்கும் நிலையான வேலை. அப்படியும் மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு இதயநோயால் இறந்தார்கள். புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்துப் பார்த்தும் அந்த வித்தியாசத்தில் பாதிக்குக்கூடக் காரணம் சொல்ல முடியவில்லை. ஆய்வாளர் மைக்கேல் மார்மட், தன் வேலை தன் கையில் இல்லாத நிலையையும் ஒரு காரணமாகச் சொன்னார். தோட்டத்தில் விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டில் நின்றவர்களுக்கு அது புரியும்.

சரி, உடனே செய்ய வேண்டியது: தினமும் ராத்திரி விரல் இடுக்குகளைப் பாருங்கள். மரத்துப்போனாலோ, சின்னக் கொப்புளம் என்றாலோ மறுநாளே காட்டுங்கள். உங்கள் அண்ணனிடம் கார் இருந்தால், அடுத்த கிளினிக் தேதிக்கு லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஆட்களில் இரண்டு பேரை ஏற்றிப் போகச் சொல்லுங்கள். அங்கே மதியம்வரை அவரும் கூடவே உட்காரட்டும்.